நிமோனியாவும் மரபணுக்களும்: செங்கல்பட்டு வட்டாரம்

கிருமித் தொற்றால் நுரையீரலின் காற்றுப்பைகள் அழன்று, அவற்றில் நீரும் சீழும் கோத்துக்கொள்வது நிமோனியா. ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசிப்பவர்களில் ஒருவர் படுத்த படுக்கையாகிறார், இன்னொருவர் இரண்டு தும்மலோடு தப்புகிறார். இதில் மரபணுக்களுக்கும் பங்குண்டு. ஆனால் பெரியவர்களைப் பொறுத்தவரை அது பலர் நினைப்பதைவிடச் சிறியது.

செங்கல்பட்டு வட்டாரத்தில் விரிவாக ஆராயப்பட்ட நுரையீரல் தொற்று நிமோனியா அல்ல, காசநோய். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூரைச் சேர்ந்த ஊர்களில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1968இல் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையைத் தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்க்கப்பட்டனர். ஊர் ஊராகப் போய், முன்கைத் தோலுக்குள் டியூபர்குலின் என்ற சோதனை மருந்தை ஏற்றி, மூன்றாம் நாள் திரும்பி வந்து தடிப்பை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தார்கள். உடலில் கிருமி புகுந்திருந்தால் தோல் தடிக்கும். பெரியவர்களில் பெரும்பாலோருக்குத் தடித்தது. நோயில் விழுந்தவர்களோ அவர்களில் மிகச் சிலர். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979இல் முடிவு வெளியானது. மண்ணிலும் நீரிலும் வாழும், காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகளுக்கு மக்களின் உடல் முன்பே பழகியிருந்தது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

கிருமி புகுந்தவர்களில் சிலர் மட்டும் ஏன் நோயாளியாகிறார்கள்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பிச்சப்பன் குழுவினர், எச்.எல்.ஏ. டி.ஆர்.2 என்ற, மரபணுவால் அமையும் திசுவகை தென்னிந்தியக் காசநோயாளிகளிடம் கூடுதலாக இருப்பதை 1991இல் காட்டினர். காசநோய்க் கிருமியின் உறவான தொழுநோய்க் கிருமிக்கும் இத்தகைய மரபணுத் தடயம் உண்டு: தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2001இல் 10ஆம் குரோமோசோமில் அதைக் கண்டனர்.

மற்ற தொற்றுகளில் மரபணுக்களின் பங்குக்கு வலுவான சான்று வெளிநாட்டிலிருந்து வருகிறது. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது (1988), பெற்றவர் 50 வயதுக்குள் தொற்றால் இறந்திருந்தால் பிள்ளையும் தொற்றால் இறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. வளர்த்தவரின் மரணத்தோடு அப்படி ஒரு தொடர்பு காணப்படவில்லை. கோவிட் நிமோனியாவைக் கடுமையாக்கும் 3ஆம் குரோமோசோம் பகுதி நியாண்டர்தால் என்ற பழங்கால மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2020இல் தெரிந்தது. தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது உண்டு. பாதிப்பேரும் சாகவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அரிவாள் செல் நோய், பிறவியிலேயே எதிர்ப்புரதம் குறைந்த நிலை போன்ற ஒற்றை மரபணுக் கோளாறுகளில்தான் பரம்பரையின் கை ஓங்குகிறது. மற்றவர்களிடம் சர்க்கரை நோய், பீடி, மது, முதுமை ஆகியவையே முன்னிற்கின்றன. மாமல்லபுரம், கோவளம் கடலோரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு இருமலோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் சர்க்கரையையும் பீடியையும் பற்றிக் கேட்பது சரியே. நிமோனியா வருமா என்று முன்கூட்டிச் சொல்லும் மரபணுப் பரிசோதனை எதுவும் பொது மருத்துவத்தில் இல்லை. ஆனால் வருடா வருடம் நிமோனியா வருபவர் இரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புரதத்தின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 65 வயது கடந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் நிமோகாக்கஸ் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.