கசந்த முதல் பருவம்

செஞ்சிக்கு ரயில் கிடையாது. எங்கே போவதானாலும் பஸ்தான். கிழக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம், மேற்கே திருவண்ணாமலை. மூன்று ஊரிலும் 1960-களின் பிற்பகுதியில் அரசு கலைக் கல்லூரிகள் வந்தன. அதற்குப் பிறகு பிளஸ் டூ முடித்த செஞ்சிப் பிள்ளை ஒருவருக்கு முதல் பருவம் பிடிக்கவில்லை என்றால், வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இந்த மூன்று சாலைகளைச் சுற்றியேதான். கொஞ்சம் கையில் பணம் இருந்தால் புதுச்சேரியும் சேர்ந்துகொள்ளும்.

தூரத்தில் முதல் மூன்று ஊர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. காகிதத்தில்தான் சிக்கல். திண்டிவனமும் விழுப்புரமும் 2021-க்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எல்லையில் இருக்கின்றன. திருவண்ணாமலை போனால் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட திருவள்ளுவர் பல்கலைக்கழகம். புதுச்சேரி என்றால் வேறொரு பல்கலைக்கழகம். எழுதிய தாள்கள் அங்கே செல்லுமா, விட்டுப்போன பாடங்களை மறுபடி எழுத வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மராட்டிய மன்னர் ராஜாராம் 1689-ல் தன் ராஜ்ஜியத்தின் தலைமையிடத்தையே செஞ்சிக் கோட்டைக்கு மாற்றிக்கொண்டார்; அவரிடம் யாரும் டி.சி. கேட்கவில்லை.

இந்த எல்லைகள் எல்லாம் பின்னால் வந்தவை. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் அன்றைய சென்னை மாகாணக் கல்லூரிகள் முழுவதும் இருந்தன. எங்கே படித்தாலும் தேர்வு ஒன்று, பாடத்திட்டம் ஒன்று. முதலில் இரண்டு வருட எஃப்.ஏ. (ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்), பிறகு பி.ஏ. பல ஊர்க் கல்லூரிகளில் எஃப்.ஏ. வரைதான் உண்டு என்பதால், மேலே படிக்க நினைத்தவர் இடம் மாறியே ஆக வேண்டும். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரீஸ் கல்லூரியிலிருந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குப் போனார். உறவினர் ஒருவர் தன்னுடைய தத்துவப் பாடப் புத்தகங்களைக் கொடுத்துவிட்டதால் அந்தப் பாடத்தையே எடுத்துக்கொண்டார். கையில் கிடைத்த புத்தகம் பாதையை முடிவு செய்தது. அவருக்கு அது நன்றாகவே வாய்த்தது.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்த சீனிவாச ராமானுஜன் உதவித்தொகை பெற்ற மாணவர். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போயிற்று. ஒரு பருவத்துக் கட்டணம் 32 ரூபாய். ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிய அப்பாவின் மாதச் சம்பளம் 20 ரூபாய். 1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். செப்டம்பரில் பத்திரிகையில் ‘காணவில்லை’ என்று செய்தி வந்தது.

அடுத்த வருடம் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி. புது ஊர், புது வகுப்பு, அவருடைய கணக்கை மதித்த ஆசிரியர்கள். ஆனால் உடற்கூற்றியல் பாடம் அங்கேயும் காத்திருந்தது. சீரணம் பற்றிய கேள்விக்கு, அந்தப் பாடம் தனக்குச் சீரணமாகவில்லை என்று பொருள்பட எழுதிக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. நடுவில் வயிற்றுக்கடுப்பு வந்து ஊர் திரும்பினார். 1906 டிசம்பரில் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-ல் தனியாக எழுதியும் தோல்வி.

அவர் கல்லூரியை மாற்றினார், தேர்வை மாற்ற முடியவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் எஃப்.ஏ. என்ற விதி கும்பகோணத்திலும் இருந்தது, சென்னையிலும் இருந்தது. விடுதிச் சாப்பாடும் வகுப்புத் தோழர்களும்தான் குறை என்றால் ஊர் மாறினால் சரியாகிவிடும். குறை பாடத்திட்டத்தில் இருந்தால் எந்த பஸ்ஸில் ஏறினாலும் அது கூடவே வரும். ராமானுஜன் விஷயத்தில் நடந்தது இரண்டாவது.

அவருக்கு வழி திறந்த இடம் செஞ்சிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது இந்தப் பகுதியில் பலருக்குத் தெரியாது. 1910-ன் கடைசியில் அவர் விழுப்புரம் வழியாகத் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ரெவின்யூ இலாகாவில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த ஐயர் அந்த வேலையைக் கொடுக்க மனம் வராமல், சென்னையில் கணிதம் தெரிந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதிலிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவின் மாதம் 25 ரூபாய் உதவி, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளம், 1913-ல் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை. 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். எஃப்.ஏ.யில் தேறாத அவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது, அவருடைய ஆராய்ச்சிக்காக.

அவரைப் போன்ற மேதை அபூர்வம்தான். ஒரே பாடத்தில் தடுக்கி விழுந்துவிட்டுக் கல்லூரியையே வெறுத்துப்போகும் பிள்ளை அபூர்வமில்லை, ஒவ்வொரு ஜனவரியிலும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். இப்போது கல்லூரி மாற நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில்தான் கதவு திறக்கிறது, அதுவும் போகிற இடத்தில் காலியிடம் இருந்தால். அதுவரை சில மாதம் கையில் இருக்கிறது. திண்டிவனமோ திருவண்ணாமலையோ, இரண்டு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடறிய பாடம் அங்கேயும் இருந்தால், டி.சி.க்கு மனு எழுதுவதற்கு முன் அந்தப் பாடத்தின் ஆசிரியரை ஒருமுறை போய்ப் பாருங்கள்.