கருநிற மேலிலை: சுருட்டுச் சுவையின் தீர்ப்பு மாறிய வரலாறு

கையால் சுற்றப்படும் உயர்தரச் சுருட்டு ஒன்றில் மூன்று வகை இலைகள் சேர்கின்றன: உடலாக நிறைந்திருக்கும் உள்ளிலை, அந்த உடல் குலையாமல் கட்டிப்பிடிக்கும் இடையிலை, இவ்விரண்டுக்கும் மேலே வழவழப்பாகப் படியும் மேலிலை. எடைக்கணக்கில் மேலிலையின் பங்கு மிகச் சிறிது. ஆயினும் வயலிலிருந்து தொழிற்கூடம் வரை மிகுந்த கவனத்தையும் மிகுந்த விலையையும் கோருவது அதுவே, ஏனெனில் ஓர் ஓட்டையோ தடித்த நரம்போ கறையோ இருந்துவிட்டால் அந்த இலை மேலே போர்த்தும் தகுதியை இழந்துவிடுகிறது. இந்த மேலிலை கரும்பழுப்பாக அமைந்த சுருட்டை ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வணிகர் 'மதுரோ', அதாவது முற்றிக் கனிந்தது, என்று அழைத்தனர். அதனினும் கறுத்தது 'ஒஸ்குரோ' எனப்பட்டது. கறுத்த சுருட்டு காரமானது என்ற எண்ணம் வாங்குவோரிடம் நெடுங்காலமாக ஊறிக்கிடக்கிறது. கருநிற மேலிலை கடந்து வந்த வழியைப் பின்தொடர்ந்தால், அந்த இலை பட்ட வெயிலையும் வெப்பத்தையும் காத்திருந்த காலத்தையுமே நிறம் அறிவிக்கிறது என்பதும், அந்த நிறத்துக்குக் கிடைத்த மதிப்பு சந்தைக்குச் சந்தை, தலைமுறைக்குத் தலைமுறை மாறியது என்பதும் தெளிவாகும்.

கியூபாவின் புகையிலையை ஸ்பானிய அரசு 1717-இல் தன் தனியுரிமைக்குள் கொண்டுவந்தபோது பயிரிடுவோர் கிளர்ந்தெழுந்தனர். 1723-இல் அவர்களுள் சிலர் தூக்கிலிடப்பட்டனர். அந்தத் தனியுரிமை 1817-இல் நீக்கப்பட்ட பிறகே ஹவானாவில் தனியார் சுருட்டுக்கூடங்கள் தழைத்தன. எச். உப்மன் 1844-இலும் பார்த்தகாஸ் 1845-இலும் தொடங்கப்பட்டவை. இக்கூடங்களில் சுருட்டு சுற்றுபவருக்கு அடுத்த நிலையில் 'எஸ்கோகெதோர்' எனப்படும் தரம்பிரிப்பாளர் அமர்ந்தார். சுற்றி முடித்த சுருட்டுகளை மேசைமீது பரப்பி, பழுப்பின் எண்ணற்ற சாயல்களை வெறுங்கண்ணால் பிரித்து, ஒரே பெட்டிக்குள் போகவேண்டியவற்றை இடப்புறம் கறுத்ததும் வலப்புறம் வெளுத்ததுமாகப் படிப்படியாக அடுக்குவது அவர் வேலை. பெட்டியைத் திறப்பவருக்கு எல்லாம் ஒரே நிறமாகத் தோன்றும். ஓரச் சுருட்டுகள் இரண்டையும் எடுத்து அருகருகே வைத்தால்தான் வேறுபாடு தெரியும். சுருட்டின் தரத்துக்கு முதலில் தீர்ப்பளித்தது கண்தான் என்பதற்கு இந்தத் தொழிலின் இருப்பே போதிய சான்று.

கண்ணின் தீர்ப்பும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. இருபதாம் நூற்றாண்டில் வணிகர் மேலிலைகளை மூன்று சந்தைப் பெயர்களால் பிரித்தனர்: செம்பழுப்பை ஒட்டியவை இங்கிலாந்துச் சந்தைத் தெரிவு, பச்சையும் வெளிர்நிறமும் அமெரிக்கச் சந்தைத் தெரிவு, கருநிறம் ஸ்பானியச் சந்தைத் தெரிவு. இவற்றுள் அமெரிக்கர் விரும்பிய பச்சை இலை 'கந்தேலா' எனப்பட்டது. பறித்தவுடன் கொட்டிலில் கடும் சூடேற்றி விரைவாக உலர்த்துவதால் இலைப்பச்சை சிதையாமல் அப்படியே தங்கிவிடும். கருநிற இலையின் வழியோ இதற்கு நேர் எதிரானது. அது அவசரத்தால் விளைவதன்று.

புகையிலைச் செடியில் உயரத்துக்கேற்ப இலையின் தன்மை மாறுகிறது. அடியிலைகள் மெல்லியவை, எளிதில் எரிபவை. மேலே செல்லச் செல்ல வெயில் கூடுதலாகப் பட்டு இலை தடித்து எண்ணெய்ப்பசை மிகுகிறது. கருநிறத்துக்குத் தேவைப்படுவது இத்தகைய தடித்த இலை. உலர்ந்த இலைகளை ஈரப்படுத்தி ஆள் உயரத்துக்கு அம்பாரமாகக் குவிப்பார்கள். ஸ்பானியத்தில் அதன் பெயர் 'பிலோன்'. வெளியிலிருந்து நெருப்போ நீராவியோ இல்லாமலே, ஈரமும் எடையும் இலைக்குள் நிகழும் வேதிமாற்றமும் சேர்ந்து அம்பாரத்தின் நடுவைச் சூடாக்குகின்றன. நடுவில் செருகிய வெப்பமானி குறித்த அளவைத் தொட்டதும் அம்பாரத்தைப் பிரித்து, உள்ளிருந்தவை வெளியிலும் வெளியிலிருந்தவை உள்ளேயும் வருமாறு மாற்றி அடுக்குவார்கள். பிரிக்கும் நேரத்தில் எழும் அம்மோனியா நெடி கண்ணை எரிக்கும். அந்த நெடி வெளியேறுவதே, பாடம் எனப்படும் இந்தப் பதப்படுத்தல் சரியாக நடப்பதற்கு அடையாளம். மற்ற இலைகளைவிட அதிக வெப்பத்திலும் அதிக மாதங்களும் இவ்வாறு பாடம்பட்ட தடித்த இலை கறுக்கிறது, அதன் கரகரப்பு தணிகிறது, நிக்கோட்டினிலும் ஒரு பகுதி குறைகிறது. நிறம் ஏற ஏற நெடி தணிவதால்தான் கறுத்த மேலிலை போர்த்திய சுருட்டு பெரும்பாலும் நாவில் மென்மையாக இறங்குகிறது. சுருட்டின் காரத்தை முடிவுசெய்வது, உள்ளிலையில் செடியின் உச்சியிலைகள் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதே.

மெல்லிய இலை இந்த வெப்பத்தில் கிழிந்து நாராகிவிடும் என்பதால் கருநிற மேலிலையின் வரலாறு அதைத் தாங்கும் சில விதைகளின் வரலாறாகவும் இருக்கிறது. மெக்சிகோவில் வேராகுரூஸ் மாநிலத்தின் சான் ஆந்த்ரேஸ் பள்ளத்தாக்கின் எரிமலை மண்ணில் விளையும் கறுப்பு இலை ஒன்று. பிரேசிலின் பாஹியாவில் விளையும் மாட்டா ஃபினா மற்றொன்று. ஜெர்மனியின் பிரேமனிலிருந்து வந்த கெர்ஹார்ட் டனெமன் 1873-இல் சாவோ ஃபெலிக்ஸ் நகரில் சுருட்டுத் தொழிலைத் தொடங்கியபின் அந்தக் கரிய இலை ஜெர்மானியரின் விருப்பமாயிற்று. இவை இரண்டைவிடவும் திருப்பங்கள் நிறைந்தது அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் கதை.

அங்கு 1830களில் மேரிலாந்து விதையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட செடி 'பிராட்லீஃப்', அதாவது அகன்ற இலை, எனப் பெயர்பெற்றது. திறந்த வெயிலில் வளர்ந்து, பூங்கொத்து கிள்ளப்பட்டு, சத்து முழுவதும் இலைக்கே திரும்பிய நிலையில் இதை ஒவ்வோர் இலையாகப் பறிக்காமல் தண்டோடு அறுத்து, கழியில் கோத்துக் கொட்டிலில் தொங்கவிடுவது வழக்கம். இலை தடித்தது, பெரிய நரம்புகள் உடையது, மேற்பரப்பில் விரல் நுனிக்குத் தெரியும் சிறு பொரிகள் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்குப் போட்டியாக வந்தது சுமத்ராவின் மெல்லிய, வெளிர்நிற, நரம்பே தெரியாத இலை. டச்சுக்காரரான ஜேக்கபஸ் நீன்ஹைஸ் 1863-இல் சுமத்ராவின் டெலி பகுதியில் தொடங்கிய பயிர்தான் அதன் மூலம். டெலித் தோட்டங்களில் பயிர்வேலையைப் பெரும்பாலும் சீனத் தொழிலாளர் செய்ய, காடழித்த நிலத்தில் சாலை போடுவதும் வடிகால் வெட்டுவதும் மாட்டுவண்டி ஓட்டுவதும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் பங்காயின. மேடான் நகரின் தமிழர் குடியிருப்பும் அங்கே 1880களில் எழுந்த மாரியம்மன் கோயிலும் அந்தக் குடியேற்றத்தின் எச்சங்கள். உலகச் சுருட்டுச் சந்தையின் நிறத்தையே மாற்றிய ஓர் இலைக்குப் பின்னே அவர்களின் உழைப்பு இருந்ததைச் சுருட்டு வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை என்பது வருந்தத்தக்கது.

சுமத்ரா இலையின் வரவால் அமெரிக்கச் சுவையே வெளிர்நிறத்தின் பக்கம் சாய்ந்தது. 1890-இன் மக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதி மேலிலைமீது கடும் வரி விதித்தும் அந்த விருப்பம் குறையவில்லை. முடிவில் 1900-இல் கனெக்டிகட்டின் வின்ட்சர் ஊரில் துணிப்பந்தலின் நிழலில் சுமத்ரா விதையைப் பயிரிட்டுப் பார்த்தனர்; வெயிலை வடிகட்டினால் இலை மெலியும், வெளுக்கும் என்ற கணக்கு பலித்தது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு நிழல் இலையே உயர்வு. அகன்ற கரிய இலை பெரிதும் இடையிலையாகவும் மலிவான சுருட்டுகளின் போர்வையாகவும் கீழிறங்கியது.

கியூபாவின் சுருட்டுத் தொழில் 1960-இல் அரசுடைமையாகி, அமெரிக்கா 1962 பிப்ரவரியில் முழு வணிகத்தடை விதித்தபோது, ஹவானாவை விட்டு வெளியேறிய குடும்பங்கள் விதைகளோடும் கைத்திறனோடும் டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய நாடுகளுக்குப் பரவின. கியூப மேலிலைக்கு வழியில்லாத நிலையில் அவர்கள் கனெக்டிகட்டின் கரிய இலையையும் சான் ஆந்த்ரேஸ் இலையையும் நாடினர். பின்னர்ச் சுருட்டின் உருவமும் மாறியது. 124 மில்லிமீட்டர் நீளமும், ஓர் அங்குலத்தை 64 கூறாக்கி அதில் 50 கூறு விட்டமும் உடைய குட்டையான பருத்த உருவம் 'ரொபுஸ்தோ' எனப்பட்டது. கியூபாவின் கோஹிபா வணிகப்பெயர் 1989-இல் ரொபுஸ்தோ ஒன்றைத் தன் வரிசையில் சேர்த்த பிறகு அது உலகெங்கும் விரும்பப்பட்டது. விருந்துக்குப்பின் இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருக்க முடியாத வாழ்க்கைக்கு முக்கால் மணியில் முடியும் அளவு அது.

குட்டையான பருத்த சுருட்டில் உள்ளிலை மிகுதி, மேலிலை அதற்கு ஒப்ப மிகக் குறைவு. ஆகவே மெல்லிய வெளிர் இலையின் நயம் உள்ளிலையின் புகையில் மறைந்துபோக, தடித்த கரிய இலை மட்டுமே தன் குரலை இழக்காமல் நிற்கிறது. மதுரோவும் ரொபுஸ்தோவும் இணைந்தது வெறும் தோற்ற அழகுக்காக அன்று எனக் கருத இதுவே காரணம். அந்த இணைப்பில் இடரும் உண்டு. தடித்த இலை மெதுவாக எரிவதால் உள்ளே நெருப்பு முன்னேற மேலிலை பின்தங்கி, ஓரம் கோணலாக எரியக்கூடும். நீளம் குறைவு என்பதால் புகை குளிர வழியின்றி வேகமாக இழுப்பவரின் வாயில் கசக்கும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்ற பழைய அறிவுரை குட்டைச் சுருட்டுக்கே மிகப் பொருந்துவது.

சுவைப்பதை ஒழுங்கான தொழிலாக்கியவர்கள் கியூபக் கூடங்களின் 'கதாதோர்' எனப்படும் சுவைஞர்கள். ஒவ்வொரு சுற்றுநரின் சுருட்டிலும் மாதிரி எடுத்து, இழுவை, எரிதிறன், காரம், மணம், சுவை ஆகியவற்றைப் படிவத்தில் குறிப்பது அவர்கள் பணி. சுருட்டின் புகை அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை உடையது என்பதால் நுரையீரலுக்குள் இழுக்காமலே நிக்கோட்டின் வாயின் உட்பரப்பு வழியாக உடலில் ஏறுகிறது. எனவே அவர்கள் ஒரு சுருட்டின் ஒரு பகுதியை மட்டுமே புகைத்துவிட்டு நிறுத்துவர். அளவைக் குறைத்தாலும் தீங்கு நீங்குவதில்லை: அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சுருட்டை வாய், தொண்டைப் புற்றுநோய்களோடு தெளிவாகத் தொடர்புபடுத்தியது.

எரிதிறனுக்கு வேதியியலின் துணையும் கிடைத்தது. இலையில் பொட்டாசியம் மிகுந்தால் நன்கு கனல்கிறது, குளோரைடு மிகுந்தால் அணைந்து அணைந்து போகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிந்துவிட்டனர். சாம்பலின் நிறத்தைக்கொண்டு சுருட்டை அடையாளம் காணும் வழக்கமும் அக்காலத்ததே. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில் கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஷெர்லாக் ஹோம்ஸ் அறிவது அதன் கரிய சாம்பலால்தான். திண்டுக்கல் வட்டாரப் புகையிலையில் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியான அந்தச் சுருட்டை அன்றைய வாசகர் விளக்கமின்றிப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மதிப்பெண் இட்டுச் சுவைக்கும் முறையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது 1992-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட 'சிகார் அஃபிசியனாடோ' இதழ். மதுவுக்கு வழங்கிய 100 புள்ளி அளவுகோலைச் சுருட்டுக்கு மாற்றிய அவ்விதழ், நிறுவனப் பட்டையை அகற்றி வெறும் எண் பட்டை ஒட்டி, யாருடைய சுருட்டு என்று தெரியாமலே சுவைக்கச் செய்தது. கரிய ரொபுஸ்தோக்களைப் பற்றி கோகோ, வறுத்த காப்பிக்கொட்டை, மிளகு, கருப்பட்டிப் பாகு போன்ற இனிமை என்றெல்லாம் சுவைஞர் எழுதத் தொடங்கினர். பெயரை மறைக்க முடிந்த அந்த முறையால் நிறத்தை மறைக்க முடியவில்லை. ஆகவே அந்த இனிமையில் எவ்வளவு இலையினுடையது, எவ்வளவு கரிய நிறத்தைக் கண்ட கண் எதிர்பார்த்தது என்பதைப் பிரித்தறியாமலே புள்ளிகள் வழங்கப்பட்டன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அமெரிக்காவின் உயர்தரச் சுருட்டு இறக்குமதி ஏறத்தாழ 10 கோடியிலிருந்து 40 கோடிக்கு மேல் பெருகியது. பாடம்பட மாதக்கணக்கில் பொறுக்காத சிலர் இலையை ஆவியில் வேகவைத்தும் சாயமேற்றியும் கறுப்பாக்கினர். நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் சாயம் ஒட்டும். உண்மையான மதுரோவின் நிறம் முழுவதும் சீராக இருப்பதும் அரிது. அதில் திட்டுத்திட்டாகக் கருமையும் பழுப்பும் கலந்திருக்கும், ஒரே மையாகப் பூசியதுபோல் தெரிந்தால் ஐயப்படவேண்டும்.

இன்று கனெக்டிகட்டில் துணிப்பந்தல்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆண்டின் பெரும்பகுதி முகில் மூடியிருக்கும் ஈக்வடாரில் நிழல் இலையின் விதை பந்தல் செலவின்றி விளைவதே அதற்குப் பெருங்காரணம். வெளிர் இலையிடம் ஒருகாலத்தில் தோற்ற அகன்ற கரிய இலை அந்தப் பள்ளத்தாக்கில் நிலைத்திருக்கிறது. எனினும் இயந்திரத்தில் சுற்றும் மலிவுச் சுருட்டு நிறுவனங்களும் அதற்குப் போட்டியிட்டு வாங்குவதால் விலை ஏறி, கைச்சுருட்டுக்காரர் அதே விதையை நிகராகுவாவிலும் ஹோண்டுராஸிலும் ஊன்றத் தொடங்கியிருக்கின்றனர்.