யாருக்காக இந்தத் தாலந்து? கண்டி தரும் மூன்று விடைகள்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் ‘அரைப்பேர்’தான் விழும். ஹந்தானை மலைச்சரிவுகளிலும் இப்படி நாட்கூலியை எண்ணியே தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. இயேசு சொன்ன தாலந்து உவமையும் இதே கணக்கில்தான் தொடங்குகிறது.

தாலந்து என்பது அன்று திறமையைக் குறித்த சொல் அல்ல. அது ஒரு நிறை, ஒரு பணத்தொகை. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியத்துக்குச் சமம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் நாட்சம்பளம். ஓய்வு நாளே இல்லாமல் உழைத்தாலும் ஒரு தாலந்தைச் சேர்க்க 16 ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். ஆகவே, மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வரும் மூன்றாவது வேலைக்காரன், ‘ஒன்றுதானே கிடைத்தது’ என்று குறைபட்டுக்கொள்ள இடமில்லை. அவன் நிலத்தில் புதைத்தது ஒரு பெருந்தொகை.

இந்த உவமையிலிருந்துதான் ஆங்கிலத்திலும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பேச்சிலும் ‘தாலந்து’ என்றால் திறமை என்ற பொருள் வந்தது. ஆனால், உவமையின் மையக் கருத்து ஒன்று அந்தப் பேச்சில் அடிக்கடி நழுவிவிடுகிறது. அந்தப் பணம் வேலைக்காரர்களுடையது அல்ல. எஜமான் ஒப்படைத்துவிட்டுப் போனது. திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். பேதுருவின் முதலாம் நிருபமும் வரம் பெற்றவர்களை உக்கிராணக்காரர் என்றே அழைக்கிறது. உக்கிராணக்காரர் களஞ்சியத்தின் பொறுப்பாளர், உரிமையாளர் அல்லர்.

அப்படியானால் கணக்கு எப்படிப் பார்க்கப்படும்? அதே அதிகாரத்தில் தாலந்து உவமைக்கு அடுத்து வருவது நியாயத்தீர்ப்புக் காட்சி. பசித்தவருக்குச் சோறு கொடுத்தாயா, அந்நியரை ஏற்றுக்கொண்டாயா, சிறையில் இருந்தவரைப் பார்த்தாயா என்பவையே அங்கு அளவுகோல்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால் கேள்வி மாறுகிறது. ‘என்னிடம் என்ன திறமை இருக்கிறது?’ என்பதைவிட ‘அது யாருக்குப் போய்ச் சேர்கிறது?’ என்பதே முக்கியமாகிறது. ஹந்தானை மலைத்தொடரின் கீழிருக்கும் கண்டியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இந்தக் கேள்விக்கு மூன்று விடைகளைக் காணலாம்.

சுவரில் ஒரு விடை

கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்துக்கு 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1935இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. கல்லூரியில் பணியாற்றிய குருவானவர் எல்.ஜே. காஸ்டர் அதன் வரைபடத்தை அமைத்தார். அவர் இங்கிலாந்துத் தேவாலயங்களைப் பிரதி எடுக்கவில்லை. செதுக்கிய தூண்கள் கூரையைத் தாங்கும் கண்டி அரச மண்டபத்தின் மரபைத் தெரிந்தெடுத்தார். அந்தத் தூண்களைச் செதுக்கிய கைகளுக்குரியவர்களின் பெயர்கள் பொதுவாக யாருக்கும் நினைவில் இல்லை. ஆனால், அந்தக் கைகள் இல்லாமல் காஸ்டரின் வரைபடம் காகிதமாகவே இருந்திருக்கும். உடலில் கண்ணும் கையும் ஒன்றையொன்று வேண்டாமென்று சொல்ல முடியாது எனப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதன் பொருளை இந்தத் தூண்களில் காணலாம்.

உட்சுவர்களில் இருப்பவை டேவிட் பெயின்டரின் ஓவியங்கள். 1900இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தவர் பெயின்டர். தந்தை ஆங்கிலேய மிஷனரி, தாய் சிங்களப் பெண். திரித்துவக் கல்லூரியில் படித்து, லண்டன் ரோயல் அக்கடமியில் ஓவியம் பயின்று, இத்தாலியிலும் கற்று, 1925இல் இலங்கை திரும்பினார். சிலுவை மரணம், சீஷர்களின் கால்களைக் கழுவுதல், நல்ல சமாரியன் முதலிய காட்சிகளை இந்த நாட்டு முகங்களோடும் இந்த நாட்டு நிலத்தோடும் தீட்டினார். வேதக் காட்சி என்றாலே ஐரோப்பிய முகங்கள் என்றிருந்த காலத்தில், உள்ளூர் மாணவன் தன்னைப் போன்றவர்களைச் சுவரில் பார்த்தான்.

பெயின்டரின் கதை தூரிகையோடு முடியவில்லை. அவருடைய பெற்றோர் நுவரெலியாவில் ஓர் இல்லம் நடத்தினர். தோட்டத்துரைமாருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து, இரு பக்கத்தாலும் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கு அது வீடாக இருந்தது. புகழ்பெற்ற ஓவியரான பிறகும் பெயின்டர் அந்த இல்லத்தின் பொறுப்பைச் சுமந்தார். 1975இல் அவர் மறைந்தார்.

தோட்டத்தில் ஒரு விடை

இரண்டாவது விடை, இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸின் வாழ்க்கை. அவர் 1972இல் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவினார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும். 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மீதமிருந்த 1,50,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென விடப்பட்டது. மனிதர்களை எண்களாகப் பங்கிட்ட காலம் அது.

கஸ்பர்ஸிடம் இருந்த தாலந்து கல்வியும் எழுத்தும். அவர் அவற்றைத் தோட்ட மக்களின் நிலையை ஆராயவும், பதிவுசெய்யவும், அதற்காக வாதாடவும் பயன்படுத்தினார். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து பணியாற்றும் இடமாகச் சத்தியோதயவை வளர்த்தார். இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்துக்கும் தலைமை தாங்கினார். அவர் யாருக்காக உழைத்தாரோ அவர்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள் அல்லர். நியாயத்தீர்ப்புக் காட்சியிலும் பசித்தவனிடம் யாரும் மதம் கேட்கவில்லை. 2017இல் அவர் காலமானார்.

வகுப்பறையில் ஒரு விடை

பேராதனையைத் தாண்டினால் பிலிமத்தலாவை. அங்கிருக்கும் இலங்கை இறையியற் கல்லூரி 1963இல் தொடங்கியது. அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்திஸ்து சபைகள் தத்தம் பயிற்சியைத் தனித்தனியே நடத்தாமல் ஒன்றிணைத்தன. சிங்களத்திலும் தமிழிலும் இறையியல் கற்பிக்கப்படுகிறது. போர் நாட்டைப் பிளந்த ஆண்டுகளிலும் இரு மொழி மாணவர்களுக்கும் பொதுவான வளாகமாக அது இருந்தது. வரத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத பொறுப்பு தனிமனிதருக்கு மட்டும் உரியதல்ல, சபைகளுக்கும் உரியது என்பதற்கு இது சாட்சி.

புதைப்பவர் யார்?

மூன்றாவது வேலைக்காரன் சோம்பேறி என்று கண்டிக்கப்பட்டாலும், அவன் தன் வாயால் சொன்ன காரணம் பயம். தவறிவிடுமோ என்ற பயம் இன்றும் பல தாலந்துகளைப் புதைக்கிறது. ஆனால் மலையகத்தில் இன்னொரு வகைப் புதைப்பும் உண்டு. லயன் அறையில் படிக்க இடமின்றியோ, குடும்ப வறுமையாலோ பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை தன் தாலந்தைத் தானே புதைக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் உவமையைச் சொல்லி உழைக்கச் சொல்வது எளிது. மண்ணைத் தோண்டி எடுக்க உதவுவதுதான் கடினம்.

சபைகளில் தாலந்துப் போட்டி என்றால் பாட்டு, வேதவசன மனனம், பேச்சு என்பவையே மேடையேறும். அவை தேவைதான். ஆனால் கணக்கு வழக்கு தெரிந்தவர், படிவம் நிரப்பத் தெரிந்தவர், சிங்களமும் தமிழும் சரளமாகப் பேசுபவர், நோயாளியின் பக்கத்தில் பொறுமையாக அமரத் தெரிந்தவர் ஆகியோரிடம் இருப்பதும் வரமே. பவுல் ரோமருக்கு எழுதிய பட்டியலில் போதிப்பதோடு, பகிர்ந்து கொடுப்பதும் இரக்கம் செய்வதும் இடம்பெறுகின்றன. பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் தவிக்கும் ஒரு தோட்டக் குடும்பத்துக்கு, பிரதேச செயலகத்தில் சிங்களத்தில் பேசி அதைப் பெற்றுக்கொடுப்பவரின் தாலந்துக்கு மேடை தேவைப்படாது. எஜமானின் கணக்கில் அது முழுப்பேராகவே விழும்.