டிஸ்போசல் லாரியும் தாத்தாவோட சிம்சன் இன்ஜினும்

கொஞ்சம் பெரிய கொசுவத்திச் சுருள் இது. பொறுமை இருக்கறவங்க மட்டும் உள்ள வாங்க :-)

கீரனூர் பக்கம் எங்க தோப்புக் கொட்டகையில நாற்பது வருஷமா ஒரு லாரி நிக்குது. மூக்கே இல்லாத சப்பை மூஞ்சி. "மிலிட்டரி லாரி வீடு"ன்னு கேட்டாதான் ஊர்ல எங்க வீட்டுக்கு வழி சொல்லுவாங்க. போன வருஷம் சித்தப்பா காயலான் கடைக்காரரையே கையோட கூட்டிட்டு வந்துட்டார். "எடைக்குப் போட்டா நல்ல காசுடா"ன்னார். "ஆறு மாசம் டயம் கொடுங்க சித்தப்பா, ஓட வெச்சுக் காட்டறேன்"னு நானும் வாய் விட்டுட்டேன். ஸ்பேனர் பிடிச்சுப் பழக்கமில்லாத எனக்கு இது தேவையா?

முதல்ல இது என்ன வண்டின்னே எனக்குத் தெரியாது. வீட்டுல "செவர்லே"ம்பாங்க, அவ்வளவுதான். டேப்பை எடுத்து முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல அளந்தேன். 13 அடி 2 அங்குலம், அதாவது 158 அங்குலம். முன் கண்ணாடி மேல்பக்கம் வெளியே துருத்தி, கீழ்ப்பக்கம் உள்வாங்கிச் சாய்ஞ்சிருக்கு. இந்த ரெண்டையும் வெச்சுத் தேடினா ஆள் அகப்பட்டுட்டார். ரெண்டாம் உலகப் போருக்காகக் கனடாவில் செஞ்ச சி60எல், 3 டன் ராணுவ லாரி!

அந்தப் போரில் கனடா 8 லட்சத்துக்கும் மேல ராணுவ வண்டிகள் செஞ்சு கொடுத்தது. அதுல ஏறக்குறைய பாதி இந்த ஜாதி. ஃபோர்டும் செவர்லேயும் சந்தையில ஜென்மப் பகையாளிகள். ஆனா ரெண்டு பேரும் ஒரே அளவுல, ஒரே மாதிரி கேபின் வெச்சுத்தான் செய்யணும்னு அரசாங்கம் உத்தரவு போட்டுச்சு. பாலைவனத்துல ஒண்ணு படுத்தா இன்னொண்ணுல இருந்து கழட்டிப் போட்டுக்கலாமே! கப்பல்ல இடம் மிச்சமாகணும்னு மூக்கைச் சப்பையாக்கி, இன்ஜினை டிரைவர் பக்கத்துலயே திணிச்சுட்டாங்க. (காலை எங்க வைக்கிறதுன்னு யாரும் யோசிக்கல போல. சூடு வேற!) கண்ணாடி சாய்ஞ்சதுக்கும் காரணம் இருக்கு. வெயில் பட்டு மின்னினா எதிரி விமானத்துக்குத் தெரிஞ்சுடும்.

1945ல் போர் முடிஞ்சதும் இந்த வண்டிகளை வெச்சுக்கிட்டு என்ன செய்யறது? அரசாங்கம் 'டிஸ்போசல்ஸ்'னு தனித்துறையே வெச்சு வித்துச்சு. அந்தச் சொல் அரசுக் கொள்முதல் துறையோட பேரில் 2017ல் அதை மூடுற வரைக்கும் இருந்தது. நம்மாளுங்க வாயில அது 'டிஸ்போசல் லாரி' ஆச்சு. ஏலத்துல எடுத்த ஒருத்தர்கிட்ட இருந்து தாத்தா திருச்சியில இதை வாங்கினார். அப்ப புதுக்கோட்டை இன்னும் தொண்டைமான் சமஸ்தானம். 1948 மார்ச் 3ல்தான் இந்தியாவோட இணைஞ்சது. 1974ல்தான் தனி மாவட்டம். ஆக எங்க மாவட்டத்துக்கே இந்த லாரி மூத்தது :-)

ஆலங்குடி முந்திரி, பலா, கடலை மூட்டைன்னு திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு ஓடின வண்டி. ஆனா செவர்லேயோட 85 குதிரைசக்தி பெட்ரோல் இன்ஜின் குடிச்ச குடிக்கு லாபமெல்லாம் டாங்கியிலயே போச்சாம். போதாக்குறைக்கு 1954ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் ஆலையை மூடிட்டுக் கிளம்பிட்டாங்க. ஸ்பேர் கிடைக்கிறது குதிரைக் கொம்பாயிடுச்சு. அதே பத்தாண்டில் சென்னையில சிம்சன் கம்பெனி, இங்கிலாந்து பெர்கின்ஸ் உரிமத்தில் பி6 டீசல் இன்ஜின் செய்ய ஆரம்பிச்சிருந்தது. 1840ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பிச்ச கம்பெனி அது! தாத்தா செவர்லே இன்ஜினை இறக்கிட்டு சிம்சனை ஏத்தினார்.

சரி, பட்டறைக்கு வருவோம். ஓய்வு பெற்ற மேஸ்திரி ஒருத்தர், வயசு எழுபதைத் தாண்டினவர், தினமும் சாயங்காலம் வந்தார். முதல் வாரமே என் உயிரைக் காப்பாத்தினார். டயருக்குப் புது டியூப் போட்டுக் காத்தடிச்சேன், கசிஞ்சுது. மறுபடி பிரிக்கலாம்னு ஸ்பேனரை நட்டுல மாட்டிட்டேன். "டேய், கையை எடு!"ன்னு ஒரு சத்தம். இந்த வண்டி டிஸ்க், ரெண்டு பாதியை நட்டு போட்டு இணைச்சது. காத்து இருக்கறப்ப அந்த நட்டைத் தளர்த்தினா பாதி டிஸ்க் குண்டு மாதிரி தெறிக்கும். அதனாலதான் பட்டாளத்துல அந்த நட்டுக்கு மட்டும் சிவப்பு அடிச்சு வைப்பாங்களாம். எங்க வண்டியில சிவப்பு எப்பவோ துருவாப் போயிருச்சு. வால்வு ஊசியைப் பிடுங்கி, காத்து மொத்தமா போனப்புறம்தான் நட்டுல கை வைக்க விட்டார். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

இன்ஜின் இறுகிக் கிடந்தது. நாசில் ஆறையும் கழட்டி, அந்த ஓட்டை வழியா டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஊற விட்டோம். தினமும் ஃப்ளைவீல் பல்லுல கடப்பாரையைக் கொடுத்து லேசா நெம்புவார். பதினேழாம் நாள் ஒரு விரக்கடை அசைஞ்சுது. மேஸ்திரி ஒண்ணும் சொல்லல, பீடி பத்த வெச்சார்.

இந்தச் சமயத்துலதான் பழைய வண்டி சேகரிக்கிற ஒருத்தர் போன்ல பேசினார். "ஒரிஜினல் பெட்ரோல் இன்ஜின் தேடிப் போட்டு, ராணுவத் தோற்றத்துக்குக் கொண்டு வாங்க, நல்ல விலைக்கு எடுத்துக்கறேன். டீசல் போட்டது கலப்படம், வரலாறே கெட்டுப் போச்சு"ன்னார். உண்மையைச் சொல்றேன், நாலு நாள் மனசு ஆடிச்சு. சித்தப்பாவுக்கும் காசு, வண்டியும் பிழைக்கும்.

அப்புறம் கியர் பாக்ஸை இறக்கினோம். சிம்சன் இன்ஜினும் செவர்லே கியர் பாக்ஸும் ஒண்ணோட ஒண்ணு சேராது. நடுவுல ஒரு இரும்புத் தகடு கொடுத்து இணைச்சிருந்தாங்க. திருச்சியில ஏதோ ஒரு லேத்துல கடைஞ்சது. அதுல ஒரு ஓட்டை தப்பான இடத்துல போட்டு, அதை அடைச்சு, பக்கத்துலயே இன்னொண்ணு போட்டிருக்கு. வரைபடம் இல்லாம, கண்ணாலயும் காலிபராலயும் அளந்து யாரோ ஒருத்தர் செஞ்ச வேலை. தப்பையும் திருத்தத்தையும் இரும்புலயே எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். பேர் தெரியாத அந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்தத் தகடுதான். சேகரிக்கிறவர் சொன்ன மாதிரி 'ஒரிஜினல்' ஆக்கினா, முதல்ல காயலான் கடைக்குப் போறது இதுதான்!

இந்த வண்டி பட்டாளத்துல இருந்தது மிஞ்சிப்போனா நாலஞ்சு வருஷம். நம்ம ஊர்ல உழைச்சது முப்பது வருஷத்துக்கு மேல. இதுல எது வரலாறு, எது கலப்படம்? சிம்சனே இருக்கட்டும்னு முடிவு பண்ணினேன்.

பெயிண்ட் விஷயம் இன்னும் வேடிக்கை. சுரண்டினா மேல நீலம், அதுக்குக் கீழ சிவப்பு, அடியில மங்கின பச்சை. ராணுவப் பச்சை அடிக்க நான் ஆசைப்பட்டாலும் முடியாது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 121ம் விதிப்படி அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டும்தான். அதனால தாத்தாவோட நீலமே அடிச்சாச்சு. சேஸில் ஒரு கையகலம் மட்டும் அந்தப் பழைய பச்சையை அப்படியே விட்டு வெச்சிருக்கேன்.

அஞ்சாம் மாசம், டீசல் லைன்ல ஏர் லாக் எடுத்துட்டு செல்ஃப் அடிச்சோம். ரெண்டு தடவை முக்கிச்சு. மூணாவதுக்குக் கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, அப்புறம் அந்தச் சத்தம். சித்தப்பா வீட்டுக்குள்ள இருந்து ஓடி வந்தார். திட்டப் போறார்னு நினைச்சேன். செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு மேல ஏறி டிரைவர் சீட்டுல உக்காந்தார். "அப்பா என்னை இங்கதான் உக்கார வெப்பார்"னு இன்ஜின் மூடியைத் தடவினார். "சூடு தாங்காம அழுவேன்."

அதுக்கப்புறம் எடைக்குப் போடுற பேச்சை அவர் எடுக்கல. வண்டி தோப்பை விட்டு வெளியே போகாது, பேப்பரெல்லாம் எப்பவோ காலாவதி. மாசம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி கிணத்தடி வரைக்கும் ஒரு நடை, அவ்வளவுதான்.

உங்க ஊர்லயும் ஏதாவது டிஸ்போசல் வண்டி கொட்டகையில தூங்கிக்கிட்டு இருக்கலாம். எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒருதரம் கியர் பாக்ஸுக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க. யாராவது ஒரு லேத்துக்காரர் அங்க உக்காந்திருப்பார்.