கருஞ்சிறுத்தை பிறந்த ஊர்

கருஞ்சிறுத்தைன்னு சொன்னதும் நிறையப் பேருக்கு ஞாபகம் வருவது கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரம்: கறுப்பு லெதர் ஜாக்கெட், தொப்பி, கையில் துப்பாக்கி. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். ஆனா அந்தச் சிறுத்தை முதலில் ஒரு தேர்தல் சின்னம். பிறந்தது அலபாமாவின் பருத்திக்காட்டில்.

செல்மாவுக்கும் மாண்ட்கோமரிக்கும் நடுவில் இருக்கிறது லவுண்டஸ் கவுண்டி. 1960களில் மக்கள்தொகை சுமார் 15,000. ஐந்தில் நான்கு பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை. வெள்ளையர் பக்கம் இதற்கு நேர்மாறு: தகுதியுள்ள ஆட்களைவிடப் பட்டியலில் பேர் அதிகம்!

ஓட்டு இல்லைன்னா என்ன பெருசா போச்சுன்னு கேட்கலாம். அங்கே ஷெரீஃப் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். கைது, சிறை எல்லாம் அவர் கையில். 1965 ஆகஸ்ட் 20 அன்று ஹெய்ன்வில் ஊரில் ஜொனாதன் டேனியல்ஸ் என்ற வெள்ளை இறையியல் மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கறுப்பர் உரிமைக்காக வேலை செய்ய வந்தவர். சுட்டவரை முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி விடுதலை செய்தது. ஓட்டு இல்லாதவருக்கு நீதியும் இல்லை, அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஆகஸ்ட் 6 அன்று, வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. எழுத்தறிவுத் தேர்வு ஒழிந்தது. பதிவு செய்ய மத்திய அரசு அதிகாரிகளே வந்தார்கள். கறுப்பர்கள் கூட்டம் கூட்டமாகப் பெயர் பதிந்தார்கள். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது? அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதோடு சேர்ந்து அச்சான வாசகமே வெள்ளையர் மேலாதிக்கம் பேசியது. போதாக்குறைக்கு, உள்ளூர் வேட்பாளர் கட்டணத்தையும் கட்சி 50 டாலரிலிருந்து 500 டாலராக்கியது.

அதனால் ஜான் ஹூலெட் என்ற உள்ளூர்த் தலைவரும், ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற இளைஞர்களும் சேர்ந்து தனிக்கட்சி கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்த ஊர், சின்னம் இல்லாமல் முடியாது. இது நமக்குப் புதுசில்லை. நம்மூர்த் தேர்தலும் 1952லிருந்து படம் பார்த்துத்தானே நடக்கிறது. சேவலுக்கு எதிரே அவர்கள் நிறுத்தியதுதான் கருஞ்சிறுத்தை.

1966 நவம்பர் 8. ஷெரீஃப் உட்பட ஏழு பதவிகளுக்கு ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேரும் தோற்றார்கள்.

இந்த இடத்தில்தான் நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன். ஐந்தில் நான்கு பேர் இருந்தும் எப்படித் தோற்கமுடியும்? விடை வாக்குச்சாவடியில் இல்லை, நிலத்தில் இருக்கு. நிலத்தில் பெரும்பகுதி சில வெள்ளைக் குடும்பங்களின் கையில். கறுப்பர்களில் பலர் அந்த நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர்கள், வீடும் நிலக்காரருடையது. ஓட்டுக்குப் பதிந்ததற்காகவே பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1965 கடைசியில் நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் போட்டுக் குடியேறினார்கள். குண்டு வந்து விழுந்தும் அங்கேயே இருந்தார்கள். தேர்தல் நாளில் நிலக்காரர்கள் தங்கள் ஆட்களை வண்டியில் ஏற்றிவந்து, யாருக்குப் போடணும்னு சொல்லி அனுப்பினார்கள். ஓட்டு ரகசியம்தான், ஆனா குடியிருக்கும் வீடு அவருடையதாச்சே.

அந்த வருஷம் அக்டோபரிலேயே ஓக்லண்டில் இரு இளைஞர்கள் அந்தச் சிறுத்தையை எடுத்துக்கொண்டார்கள். சின்னம் உலகம் சுற்றியது, ஊர் மறந்துபோனது.

ஊர் மட்டும் விடவில்லை. 1970இல் ஹூலெட் ஷெரீஃப் ஆனார். 1965 மார்ச்சில் அந்தக் கவுண்டியில் முதன்முதலாகப் பெயர் பதிந்த கறுப்பர் இருவரில் ஒருவர் அவர். ஆனா ஜெயித்தபோது வாக்குச்சீட்டில் சிறுத்தை இல்லை. கட்சி வேறொரு மாநிலக் கட்சியோடு சேர்ந்து, சின்னம் கழுகாகியிருந்தது. அதன்பிறகு இருபது வருஷத்துக்கும் மேல் அவரே ஷெரீஃப்.

சட்டம் வந்தது 1965இல். ஷெரீஃப் மாற இன்னும் ஐந்து வருஷம் ஆனது. அந்த ஐந்து வருஷத்தை நமக்கு வாங்கிக் கொடுத்தவர்கள்னு நான் நினைப்பது, கூடாரத்தில் குளிர்காலத்தைக் கழித்த அந்தக் குடும்பங்களைத்தான்.