செல் சுவர்: பொருளும் பிணைப்பும்

தாவரத்துக்குச் செல்லுலோஸ், பூஞ்சைக்குக் கைட்டின், பாக்டீரியாவுக்குப் பெப்டிடோகிளைக்கான் என்று செல் சுவரின் வேதிப்பொருளைப் பாடநூல்கள் பட்டியலிடுகின்றன. பட்டியலில் பிழையில்லை. ஆயினும் சுவரின் பொருளே உயிரின் உறவைச் சொல்லிவிடும் என்ற எண்ணத்தை அது ஊட்டிவிடுகிறது. பொருளின் பெயரைவிட, அதன் அலகுகள் எந்தப் பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன, கோக்கும் நொதி எது என்பனவே அடிப்படையான கேள்விகள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குளுக்கோஸ் அலகுகள் ஆல்ஃபா-1,4 பிணைப்பில் சேர்ந்தால் சுருண்ட சங்கிலியாகிறது. அதுதான் மாவுச்சத்து, சேமிப்பு உணவு. அதே குளுக்கோஸ் பீட்டா-1,4 பிணைப்பில் சேரும்போது, ஒவ்வோர் அலகும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால், சங்கிலி நேராக நீள்கிறது. அருகருகே அடுக்கிய சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிச் செல்லுலோஸ் இழையாகின்றன. சர்க்கரை மாறவில்லை, பிணைப்புதான் மாறியது. குளுக்கோஸின் இரண்டாம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சிலை நீக்கி அசிட்டைல் அமினோ தொகுதியை வைத்தால் கைட்டினின் அலகு கிடைக்கும். அங்கும் பீட்டா-1,4 பிணைப்பே. பெப்டிடோகிளைக்கானின் சர்க்கரைச் சங்கிலியிலும் அதுவே. செல்லுலோஸையும் கைட்டினையும் ஆக்கும் நொதிகள் ஒரே நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெப்டிடோகிளைக்கானைக் கோக்கும் நொதிகளோ வேறு குடும்பத்தவை. வெவ்வேறு வழிகளில் வந்த உயிர்கள் ஒரே தீர்வை எட்டியிருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்த பைட்டோப்தோரா, இழைகளாக வளர்வதால் நெடுங்காலம் பூஞ்சை என்றே கருதப்பட்டது. அதன் சுவரில் கைட்டின் முதன்மைப் பொருளாக இல்லை; பீட்டா குளுக்கான்களும் செல்லுலோஸும் இருந்தன. பழுப்புப் பாசிகளும் டயாட்டங்களுமே அதன் உறவு என்று மரபணு ஆய்வு பின்னர் உறுதிப்படுத்தியது. அப்படியானால் பொருள்தானே உறவைக் காட்டிக்கொடுத்தது? இங்கே ஓரளவு ஆம். ஆனால் அந்த உறவினரான டயாட்டத்தின் சுவர் சிலிக்காவால் ஆனது. கடலில் வாழும் அசிடியன்கள் விலங்குகளாக இருந்தும் தங்கள் மேலுறையில் செல்லுலோஸை ஆக்குகின்றன. அதற்கான மரபணு பாக்டீரியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே வலுவான கருத்து. பொருளைத் துப்பாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

பிணைப்பின் முதன்மையை நொதிகளின் செயலே காட்டுகிறது. 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அறிவித்த லைசோசைம், பெப்டிடோகிளைக்கானின் பீட்டா-1,4 பிணைப்பை அறுக்கிறது. வேறு பொருளான கைட்டினையும் மெதுவாகச் சிதைக்கிறது. மீத்தேன் ஆக்கும் சில ஆர்க்கியாக்களின் சூடோமியூரின் சுவரோ தோற்றத்தில் பெப்டிடோகிளைக்கானை மிகவும் ஒத்தது. அதன் சர்க்கரைகள் பீட்டா-1,3 பிணைப்பில் இணைந்திருப்பதால், லைசோசைமால் அதை அறுக்க முடிவதில்லை.