உவமை சொல்லாகிய வரலாறு

ஸ்பானிய மொழியில் 'சொல்' என்பதற்குரிய பெயர் 'பலாப்ரா'. பிரெஞ்சு மொழியின் 'பரோல்', இத்தாலியத்தின் 'பரோலா', போர்த்துக்கீசியத்தின் 'பலாவ்ரா' ஆகியன இதன் உடன்பிறப்புகள். இலத்தீனில் சொல்லைக் குறித்த பெயரோ 'வெர்பும்'. இவற்றுள் ஒன்றேனும் அதிலிருந்து பிறக்கவில்லை. உவமை எனப் பொருள்படும் 'பராபொலா' என்பதே இவற்றின் தாய். உவமையின் பெயர் சொல்லுக்குப் பெயரானது எங்ஙனம்?

'பராபொலா' இலத்தீன் கிரேக்கத்தினின்று பெற்ற கடன். ஒன்றன் அருகே மற்றொன்றை வைத்து ஒப்பிடுதல் அதன் மூலக் கருத்து. பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், பழமொழி, ஒப்புமை, ஞானவுரை ஆகிய அனைத்தையும் தழுவிய 'மாஷால்' என்னும் எபிரெயச் சொல்லுக்கு இதனைப் பல இடங்களில் வழங்கினர். ஜெரோமின் இலத்தீன் திருமறையிலும் நீதிமொழிகளின் முதல் வசனத்திலேயே இதனைக் காண்கிறோம். இவ்வாறு விரிந்த பொருளோடு ஆலயத்தில் ஒலித்த சொல், நாளடைவில் ஆண்டவரின் உவமையை மட்டுமன்றி எவர் உரைத்த உரையையும், பின்னர் தனிச்சொல்லையும் குறிக்கலாயிற்று. 'வெர்பும்' யோவான் 1:1இல் கிறிஸ்துவின் பெயரானமையால், அன்றாடப் பேச்சில் அதனை வழங்க மக்கள் தயங்கினர் எனக் கருதும் ஆய்வாளரும் உளர்.

ஸ்பெயினில் இச்சொல் முதலில் 'பராப்லா' எனத் திரிந்து, பின்னர் ரகரமும் லகரமும் இடம் மாறிப் 'பலாப்ரா' ஆயிற்று. நற்செய்தி உவமைகளைக் குறிக்கக் கற்றோர் 'பராபொலா'வை மீண்டும் இலத்தீனினின்று எடுத்துக்கொண்டனர். ஆகவே ஒரே சொல், மக்கள் வழியாக ஒருமுறையும் ஏட்டின் வழியாக ஒருமுறையும், அம்மொழியில் இருமுறை வாழ்கிறது.

இதன் இறையியல் விளைவும் சிறிதன்று. ஜெரோமின் பெயர் தாங்கிய துறவற சபையினின்று 1557இல் தப்பியோடிய காசியோதோரோ தெ ரேய்னா, 1569இல் பாசல் நகரில் ஸ்பானியத் திருமறையை வெளியிட்டார். யோவான் 1:1இல் அவர் எழுதியது 'பலாப்ரா'. சந்தையிலும் வீட்டிலும் வழங்கிய அச்சொல்லே தேவகுமாரனுக்குப் பெயராயிற்று. இத்திருமறையின் வழிவந்த 1909, 1960ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்புகளோ 'வெர்பும்' என்பதன் வழிவந்த 'வெர்போ'வை ஏற்றன. ஸ்பானியர் இலக்கணத்தில் வினைச்சொல்லை வழங்கும் பெயரும் அதுவே.

ஒன்று திருச்சபை மரபின் மாண்பைக் காத்தது. மற்றொன்று மக்களின் நாவைத் தேடிச் சென்றது. இரண்டும் பக்தியினின்றே எழுந்தன. எனினும், வார்த்தை மாம்சமானார் என அறிக்கையிடும் நாம், அவருக்கென ஒதுக்கிவைத்த சொல் மக்கள் பேசாத சொல்லாகிவிடக்கூடும் என்பதை மறத்தலாகாது. பிரசங்க பீடத்தில் நம் சொற்களைத் தெரிந்தெடுக்குந்தோறும் இவ்வரலாறு நம் நினைவில் நிற்பதாக.